ஒன்பதாம் எண் அங்கி

இடது கை மட்டும் உள்ளே போகமாட்டேன் என்றது. நோயல் அங்கியின் கைப்பகுதியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிப் பார்த்தான். முழங்கை மடங்கவில்லை. காலை எட்டரைக்குப் போன உயிர். மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது, விறைக்காமல் என்ன செய்யும்?

"மெல்ல நுழைடா, நைனாவுக்கு வலிக்கப் போவுது" என்றாள் அக்கா ஜொவிட்டா. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள்.

ஃப்ரீசர் பெட்டிக்காரன் வாசலில் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அடுத்து அடையாறில் ஒரு சாவு. "சீக்கிரம்ணா" என்று இரண்டு முறை சொல்லிவிட்டான். மந்தைவெளியின் அந்தச் சந்தில் வண்டி நிற்க இடமில்லை. பின்னால் வந்த தண்ணீர் கேன் ஆட்டோ ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் கக்கத்துத் தையலைப் பிரித்துத்தான் கையை நுழைக்க முடிந்தது. பிரித்தது தெரியாமல் கையை உடம்போடு ஒட்டி வைத்து, விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிவிட்டான்.

வெள்ளை அங்கியில் அப்பா மரியதாஸ் யாரோ பெரிய மனிதர் மாதிரி இருந்தார். ஆழ்வார்பேட்டையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபத்திரண்டு வருஷம் வாட்ச்மேன் வேலை. நல்ல சட்டை என்று வீட்டில் இருந்ததெல்லாம் பாக்கெட்டில் செக்யூரிட்டி கம்பெனி பெயர் தைத்த நீலச் சட்டைகள்தான். "அத்த மாட்டி அனுப்பாத நோயலு. மேல போயும் கேட் தொறந்து வுடச் சொல்லிடப் போறாங்க" என்று அம்மா மர்சலின் சொன்னாள். அழுகைக்கு நடுவிலும் அவளுக்கு அப்படித்தான் பேச வரும். அப்போதுதான் ஜொவிட்டா ஆணியில் ஹேங்கரோடு தொங்கிய அங்கியைப் பார்த்தாள். நீலம் போட்டு அலசி, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்ட அங்கி. அப்பாவே போட்டது. மூன்று பேருமே அதற்கு மேல் எதையும் யோசிக்கவில்லை.

அன்று பெரிய வியாழன். இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவிய நினைவாக, சாயங்காலப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். பல கோயில்களில் இப்போது யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். அவர்கள் பங்குக் கோயிலில் மட்டும் பழைய வழக்கம் போகவில்லை. பிறரன்புச் சபை மாதாமாதம் அரிசி கொடுக்கும் பட்டியலிலிருந்துதான் பன்னிரண்டு பேரை எடுப்பார்கள். "நம் பங்கின் ஏழை எளிய சகோதரர்கள்" என்று மைக்கில் ஒவ்வொரு பெயராகப் படிப்பார்கள். மரியதாஸுக்குப் பத்தொன்பது வருஷமாக ஒன்பதாவது நாற்காலி. முந்தின குருத்து ஞாயிறன்று அங்கி கைக்கு வரும். துவைத்து, இஸ்திரி போட்டு, வியாழக்கிழமை அணிந்து போய், சடங்கு முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு ரொட்டியும் துண்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் நோயலுக்கு 'சீடர் பையன்' என்று பெயர். "டேய் சீடரு, உங்கப்பன் கால இன்னிக்கு சாமியார் கழுவுறாராமே, வூட்ல தண்ணி வரலையா?" பதின்மூன்று வயசில் அதைக் கேட்டவன், அதன்பிறகு எந்தப் பெரிய வியாழனும் கோயிலுக்குள் போனதில்லை. சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்றுவிட்டு வந்துவிடுவான்.

காலையில் நடந்தது அவன் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. குழாயில் தண்ணீர் வந்த நேரம். அப்பா குழாயடியில் குந்தி, ஓட்டுச் சில்லால் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நோயல் தி. நகர் ஜவுளிக்கடை வேலைக்குக் கிளம்பி, மெரூன் சட்டையும் நெஞ்சில் பெயர் வில்லையுமாக வாசலுக்கு வந்தான்.

"அங்கதான் கழுவப் போறாங்களே. இங்க இன்னாத்துக்கு இந்தத் தேய் தேய்க்கற?"

"கழுவறது மட்டுமாடா? முத்தம் குடுக்கறாரு. ஒரு மனுஷன் வாய வெக்கிற எடம். நாறக் கூடாதில்ல."

"மானத்த வாங்காத நைனா."

அப்பா சிரித்தார். நோயல் உள்ளே போய்த் தலை சீவிக்கொண்டிருந்தபோது செம்பு உருண்ட சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தால் சுவரில் சாய்ந்திருந்தார், தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மானத்த வாங்காத. அப்பாவிடம் அவன் கடைசியாகச் சொன்னது அதுதான். சே, வேறு ஒரு வார்த்தையா கிடைக்கவில்லை அவனுக்கு?

குளிப்பாட்டும்போது எல்லோருமே பார்த்தார்கள். வலது குதிகால் தேய்த்துத் தேய்த்து வெளுத்திருந்தது. இடது குதிகாலின் வெடிப்புகளில் கறுப்பு அப்படியே நின்றது. சோப்புக்குப் போகவில்லை. சாமியார் எப்போதும் வலது காலை மட்டும்தான் கழுவுவார். ஆனாலும் அப்பா இரண்டையும் தேய்ப்பார். "எந்தக் கால கேப்பாருன்னு நாம இன்னா கண்டோம்" என்பார். பத்தொன்பது வருஷத்தில் ஒருமுறைகூட இடது காலை யாரும் கேட்டதில்லை.

"ஒரு காலு முடிச்சிட்டுப் பூட்டாரு. கோயிலுக்கு அது போதும்" என்றாள் அம்மா.

பெட்டியை உள்ளே வைத்து வயரைச் செருகியதும் வீட்டு ஃபியூஸ் போய்விட்டது. மேல் வீட்டு கமர் ஜஹான் தன் வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை ஜன்னல் வழியாக இறக்கிவிட்டாள். "நம்ம வூட்டு ஃபேன நிறுத்திட்டேன். ராத்திரி பூரா ஓடட்டும் நோயலு, யோசிக்காத" என்றாள். அதுவும் ஒரு ராத்திரிக்குத்தான். பெரிய வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் இறந்தவர்களுக்குப் பூசை கிடையாது. ஈஸ்டர் கழிந்து திங்கட்கிழமை வரை வைத்திருக்க வசதி உள்ளவர்கள் வைத்திருந்து, பாட்டுப் பூசையோடு அடக்கம் செய்வார்கள். மரியதாஸுக்கு நாளைக் காலை பத்து மணிக்குப் பூசை இல்லாமல், ஜெபம் மட்டும் சொல்லி மந்திரித்து அடக்கம். மதியம் வந்து ஜெபித்த இளம் சாமியார் அதைச் சொல்லச் சங்கடப்பட்டார். அம்மாதான், "அதுக்கு இன்னா சாமி பண்றது, அவரு எப்பவும் எடம் கெடச்ச எடத்துல குந்துற ஆளு" என்று அவரைத் தேற்றி அனுப்பினாள்.

நோயலால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. டாக்டரைக் கூப்பிட ஓடியபோதே ரயில் நிலையத்துப் படிக்கட்டருகே செருப்பு வார் அறுந்தது. அங்கேயே எறிந்துவிட்டான். பிறகு சவப்பெட்டிக் கடை, பங்கு அலுவலகம், கல்லறைத் தோட்டம் எல்லாம் வெறுங்கால்தான். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர் இடம் காட்ட, முதல் நாள் மழைச் சேற்றில் நின்று தலையாட்டிவிட்டு வந்தான். நடுவில் கடை சூப்பர்வைசர் முருகன் போன் செய்தார். "எப்பா, ரொம்ப வருத்தமா இருக்கு, பாத்துக்கோ. சனிக்கிழம வந்துருவல்லா? சித்திரைக் கூட்டம், ஆளு பத்தாதுடே." வருகிறேன் என்றான். வேறு என்ன சொல்ல?

மூன்றரைக்கு ஃபிரெட்ரிக் வந்தார். கோயிலில் மணியடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூசை உடுப்புகளை எடுத்து வைப்பது எல்லாம் அவர்தான். அப்பாவுக்கு முப்பது வருஷ சிநேகிதர். பெட்டியின் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுதுகொண்டே இருந்தவரின் பார்வை அங்கியின் கழுத்துப்பட்டியில் போய் நின்றது. அங்கே சிவப்பு நூலில் 9 என்று தைத்திருந்தது.

டீ கொடுத்தார்கள். குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. கடைசியில் நோயலை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"கண்ணு, அந்த அங்கி..."

"இன்னா மாமா அங்கிக்கு?"

"கோயில் அங்கிடா. பன்னெண்டும் ஒரு செட்டு. அஞ்சரைக்குப் பூசை. உங்கப்பா எடத்துல வேற ஆளப் போட்டுட்டாங்க. அவனுக்கு உடுப்பு வோணும். சபைத் தலைவரு என்னைப் போய் வாங்கினு வரச் சொன்னாரு. நீங்க அத்த அவருக்கே மாட்டி வுட்டிருப்பீங்கன்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

அட கடவுளே. அது கோயில் துணி என்பது மூன்று பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையே. பத்தொன்பது வருஷமாக ஆணியில் தொங்கித் தொங்கி அது அப்பாவுடையதாகவே ஆகிவிட்டிருந்தது.

ஜொவிட்டா உள்ளேயிருந்து பாய்ந்து வந்தாள். "பொணத்து மேலருந்து உருவினு போவப் போறியா மாமா? உனுக்கே நல்லாக்கீதா?"

"நானா கேக்கறேன்? பீரோ சாவிதாம்மா என்னாண்ட கீது. பீரோ என்னுது இல்ல." ஃபிரெட்ரிக் தரையைப் பார்த்துச் சொன்னார்.

அம்மா எழுந்தாள். "ஏன் அவரக் கத்தற? கோயில் பொருளு, குடுத்துடுவோம். இருவத்திரண்டு வருஷம் வேல முடிஞ்சி வரும்போது பைய தொறந்து காட்டிட்டு வந்த மனுஷன். போற நேரத்துல துணிய எடுத்துக்கினு பூட்டான்னு ஒரு பேரு வேணாம்." சொல்லிக்கொண்டே பெட்டி மூடியைத் தூக்கப் போனாள்.

நோயல் மூடியின் மேல் கையை அழுத்தி வைத்தான்.

"கைய எடு நோயலு."

"அம்மா, தையலப் பிரிச்சிட்டேன். கை உள்ள போவல. கிழிச்சித்தான் மாட்டினேன்."

அம்மா அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு அவள் அலமாரிப் பக்கம் திரும்பி டப்பாக்களை உருட்ட ஆரம்பித்தாள். "ஊசி எங்கடி வெச்ச? வெள்ள நூலு இருந்துச்சே. தெச்சுத்தான் குடுக்கணும், கிழிசலோட குடுத்தா நல்லாவா இருக்கும்?"

அவள் நூலைப் பல்லால் கடித்து, ஊசிக் காதைத் தேடியதைப் பார்த்ததும் நோயலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நான் போய்ப் பேசினு வரேன். நான் வர்ற வரைக்கும் யாரும் பெட்டியத் தொறக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று கத்திவிட்டு வெளியே நடந்தான். ஃபிரெட்ரிக் பின்னாலேயே ஓடி வந்தார்.

வெயில் இறங்கியும் தார் சுட்டது. சண்டை போடுவதற்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனான். கேட்டால் தருவோமா? முடிந்தால் வந்து கழற்றிப் பாருங்கள். உங்கள் அரிசியும் வேண்டாம், ரொட்டியும் வேண்டாம்.

பீடத்துக்குப் பின்னறையில் சபைத் தலைவர் ராஜரத்தினம் அறிவிப்புகளைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நோயலைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். ஃபிரெட்ரிக் விஷயத்தை மென்று முழுங்கிச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"அடடா, போட்டு விட்டுட்டீங்களா? இது தெரியாம ஆள் அனுப்பிட்டேனே. அங்கிதானே தம்பி, இருக்கட்டும், இருக்கட்டும். சபையோட அன்பளிப்பா வெச்சுக்கோங்க. புதுசா ஒண்ணு தைக்கிறது பெரிய விஷயமா?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த சண்டைக்கு இங்கே வேலையே இல்லை.

"ஒண்ணு பண்றேன்" என்று அவர் பேனாவை எடுத்தார். "பாதம் கழுவுறதுக்கு முன்னாடி அறிவிப்புல சேத்துடறேன். மறைந்த சகோதரர் மரியதாஸுக்கு அடக்க உடுப்பு நம்ம சபை வழங்கியதுன்னு. நாலு பேர் காதுல விழுந்தா அவங்களும் ஏதாவது செய்வாங்க. உங்க குடும்பத்துக்குத்தான் உதவி."

எழுதவே ஆரம்பித்துவிட்டார். திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். இவர் தோளில் கை போட்டுக்கொண்டு கொடுக்கிறார். நாளைக்குப் பெட்டி கோயில் வாசலுக்கு வரும்போது வருகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்ப்பார்கள், இதுதான் சபை கொடுத்த துணி என்று. செத்த பிறகும் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நன்றி சொல்லியபடியே படுத்திருக்க வேண்டும்.

"மைக்ல சொல்லாதீங்க சார்."

"ஏம்ப்பா? நல்ல விஷயம்தானே?"

"அது அன்பளிப்பு இல்ல சார். அது அவுருது."

"தம்பி, உன் வருத்தம் புரியுது. ஆனா ரெஜிஸ்டர்ல பாத்தா..."

"பத்தொம்போது வருஷம் தொவச்சி நீலம் போட்டது அவுரு. அந்த நாற்காலி அவுருது. இன்னிக்கும் அவுருதுதான். வேற ஆள் வேணாம், நான் குந்தறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று நோயலுக்கே தெரிந்தது. ஆனாலும் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

"நீயா? பட்டியல்ல உன் பேர் இல்லையேப்பா."

"மரியதாஸ்னே படிங்க சார்."

"அங்கி இல்லாம எப்படி உக்காருவே?"

"பதினோரு அங்கிதான் கீது" என்றார் ஃபிரெட்ரிக் பின்னாலிருந்து. அந்த அறையில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "யாரு குந்தினாலும் ஒருத்தன் அங்கி இல்லாமதான் சார் குந்தணும்."

ராஜரத்தினம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுதியதை அடித்துவிட்டு, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நோயல் வெளியே வந்து ஜொவிட்டாவுக்குப் போன் போட்டான். "அம்மா இன்னா பண்ணுது?"

"ஊசிய வெச்சிக்கினு பெட்டியாண்டயே குந்தினு கீதுடா. கோத்து முடிச்சிடுச்சி. தொறக்கச் சொல்லுது."

"ஊசிய எடுத்து உள்ள வெக்கச் சொல்லு. அங்கி நம்மளுதுதான்."

"நெஜமாவா?"

"நம்மளுதுதான்னு சொல்லுக்கா." போனை வைத்துவிட்டான்.

கோயிலின் பக்கவாட்டுக் குழாயடியில் வெள்ளை அங்கிகள் கூடியிருந்தன. பதினோரு பேரும் அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகக் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரு சோப்புத் துண்டு கை மாறிக்கொண்டிருந்தது. ஒருவர் விரலிடுக்கைக் குச்சியால் நோண்டினார். நோயல் இத்தனை வருஷம் நின்ற சைக்கிள் ஸ்டாண்டு கோயிலுக்கு அந்தப் பக்கம் இருந்ததால் அவன் இதைப் பார்த்ததே இல்லை. அப்பா ஒருவர்தான் இப்படி என்று நினைத்திருந்தான்.

"மரியதாஸ் புள்ளயா? வா, வா. சோப்பு கீது, கழுவிக்கோ" என்று பல்லில்லாத கிழவர் ஒருவர் இடம் விட்டார்.

நோயல் தன் காலைப் பார்த்தான். தார்ப்புழுதி, சாக்கடை ஓரத்துக் கசடு, நகக்கண்களில் கல்லறைத் தோட்டத்து மண். கையில் காசு இல்லாததெல்லாம் அவனுக்குப் பழகிப்போன விஷயம், அதற்கு அவன் பெரிதாக வருத்தப்பட்டதும் இல்லை. இது வேறு. நம்மிடம் வந்து குனிகிறவர் முகத்தைச் சுளித்துவிடக் கூடாதே என்று நாமே முந்திக்கொண்டு பயப்படுவது. அப்பா அறுபத்தெட்டு வயது வரை அப்படித்தான் பயந்திருக்கிறார். அந்தப் பயத்தில்தான் குழாயடியில் விழுந்தும் போனார்.

"வேணாம் தாத்தா. இப்டியே வரேன்."

"அட, முத்தம் குடுப்பாருடா!"

"குடுக்கட்டும்."

பூசையில் பெயர்களைப் படித்தார்கள். ஒன்பதாவதாக "மரியதாஸ்" என்றதும் கோயிலுக்குள் ஒரு சலசலப்பு. மெரூன் சட்டையும் பெயர் வில்லையுமாக நோயல் நடந்து போய் ஒன்பதாவது நாற்காலியில் உட்கார்ந்தான். காதுமடல் சூடாகியது. எல்லோரும் தன் காலைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. பார்த்தார்கள்தான்.

வீட்டுக்கு வந்து ஜெபித்த அதே இளம் சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டு வந்தார். கூடவே ஃபிரெட்ரிக், ஒரு கையில் கெண்டி, மறு கையில் தாம்பாளம். ஏற்கெனவே பளிச்சென்று இருந்த எட்டுக் கால்களில் கொஞ்சம் தண்ணீர், ஒரு துடைப்பு, ஒரு முத்தம். ஒவ்வொருவருக்கும் அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நோயல் வலது காலைத் தாம்பாளத்தில் வைத்தான். தண்ணீர் விழுந்ததும் கறுப்பாக ஓடியது. சாமியாரின் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தார். மதியம் அந்த ஒற்றை அறையில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற முகம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்கிக் கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு கையாலும் தேய்த்தார். ஃபிரெட்ரிக் கெண்டியைச் சாய்த்துக்கொண்டே இருந்தார். வெள்ளைத் துண்டில் ஒரு முழுப் பாதம் பதிந்தது. சாமியார் குனிந்து முத்தமிட்டார்.

பிறகு பத்தாவது நாற்காலிக்கு நகர்ந்தார்.

"ஃபாதர்" என்றான் நோயல். மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் முன்வரிசையில் இருந்த ராஜரத்தினம் வரைக்கும் கேட்டது. "இன்னொரு காலு பாக்கி கீது."

இடது காலை நீட்டினான்.

சாமியார் நீட்டிய காலைப் பார்த்தார். மண்டியிட்டபடியே திரும்பி ஒன்பதாவது நாற்காலிக்கு வந்து, துண்டைப் புரட்டிச் சுத்தமான பக்கத்தை மேலே எடுத்துக்கொண்டார். ஃபிரெட்ரிக் கெண்டியைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழுந்தது, அவ்வளவுதான். பாடகர் குழு பாட்டை முடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து பாட ஆரம்பித்தது. ஃபிரெட்ரிக் கெண்டியை எடுத்துக்கொண்டு பக்கவாசல் வழியாகக் குழாயடிக்கு ஓடினார். அவர் தண்ணீர் பிடித்துக்கொண்டு வரும்வரை சாமியார் நோயலின் இடது குதிகாலைக் கையில் ஏந்திக்கொண்டு முழங்காலில் காத்திருந்தார்.